அம்மா அப்பாவோடு அலாஸ்காவுக்கு ஏழு இரவுகள்

ஒரு கப்பலைக் கிட்டத்தட்டப் பதிவு செய்துவிட்டோம். விலை குறைவு, மேல்தளத்தில் சறுக்குமரத்தோடு நீச்சல்குளம், பையனுக்கு விளையாட ஏகப்பட்ட இடம். பணம் கட்டுவதற்கு முந்தின நாள், அலாஸ்காவுக்கு மூன்று தடவை போய்வந்த சிநேகிதியிடம் சொன்னேன். அவள் கப்பலைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. "எந்தப் பனியாறு? எந்த ஊர்ல எத்தன மணி நேரம் நிக்குது?" என்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால் ஜூனோ என்ற ஊரில் நிற்பது ஐந்து மணி நேரம், பனியாறுகள் கடலில் இறங்கும் க்ளேசியர் பே என்ற விரிகுடா வழியிலேயே இல்லை. அந்தக் கப்பலை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பழைய, சறுக்குமரம் இல்லாத கப்பல் ஒன்றைப் பிடித்தோம். இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த நல்ல காரியங்களில் முதலாவது அதுதான்.

க்ளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. அது கிடைக்காத கப்பல்கள் எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகலான கடல் நுழைவுக்கோ, ஹப்பார்ட் பனியாற்றுக்கோ போகும். அவையும் அருமையான இடங்கள்தான். ஹப்பார்டின் முகப்பு மட்டுமே ஆறு மைல் அகலம். ஆனால் முதல் தடவை போகிறவர்கள், அதிலும் வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், க்ளேசியர் பே இருக்கிற வழித்தடமாகப் பாருங்கள். நாள் முழுக்கக் கப்பலில் இருந்தபடியே, ஒரு படி இறங்காமல், எல்லாம் பார்த்துவிடலாம். மூட்டு வலிக்காரரான என் அம்மாவுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

நாங்கள் இருப்பது சான் ஹோசேயில். ஈரோட்டிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார்கள். கணவர், பத்து வயதுப் பையன், நான் என்று மொத்தம் ஐந்து பேர். பள்ளி திறப்பதற்கு முன்னால் ஆகஸ்ட் முதல் வாரம்தான் தோதாக இருந்தது. மே மாதமும் ஜூன் தொடக்கமும் மழை குறைவு, மலையில் பனி நிறைய, விலையும் மலிவு என்பார்கள். ஆகஸ்டில் மழை உண்டு. ஆனால் ஆற்றில் சால்மன் மீன் ஏறும். எங்களுக்கு அந்த மழையால் நட்டமில்லை.

டிக்கெட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது கனடா விசா. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். "அலாஸ்கா அமெரிக்காதானே, சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்குகிறோம், அப்புறம் எதுக்குக் கனடா விசா?" என்று நானும் நினைத்திருந்தேன். 1886-இல் போட்ட ஒரு சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி, சுற்றிவந்து திரும்ப அங்கேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா மாதிரி நாடுகளில் பதிவானவை. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நாலு மணி நேரம் நின்றுவிட்டுப் போகின்றன. நீங்கள் கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே ஏற விடமாட்டார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கார்டும் கையில் இருந்தால் போதும். அம்மா அப்பாவுக்கு ஈரோட்டில் இருக்கும்போதே விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, விசா ஒட்டி வந்த பிறகுதான் கப்பலுக்குப் பணம் கட்டினோம். அமெரிக்க விசாவும் பலமுறை நுழையக் கூடியதா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கப்பல் கிளம்புகிற நாளில் விமானம் ஏறாதீர்கள். முந்தின நாளே சியாட்டில் போய்த் தங்கிவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. சியாட்டிலில் கப்பல் ஏறும் இடம் இரண்டு, பியர் 66, பியர் 91. இரண்டுக்கும் நடுவில் கார் தூரம். டிக்கெட்டில் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முட்டி வலி இருப்பவர்களுக்குச் சக்கர நாற்காலி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அம்மா முதலில் வேண்டவே வேண்டாம் என்றார். அந்த வரிசையைப் பார்த்ததும் அவரே உட்கார்ந்துகொண்டார்.

நான் செய்த பெரிய தப்பு அங்கேதான். பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு பிறகு அறைவாசலில் வைப்பார்கள். எங்களுக்கு அவை வந்து சேர்ந்தபோது ராத்திரி எட்டரை. அப்பாவின் சர்க்கரை மாத்திரை, அம்மாவின் பிரஷர் மாத்திரை இரண்டும் அந்தப் பெட்டிக்குள். ஏழு மணிக்குப் போட வேண்டிய மாத்திரைக்காக நான் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி, கனமான ஜாக்கெட், இவை கைப்பையிலேயே இருக்கட்டும். இன்னொன்று: வருகைதருவோர் காப்பீடு கப்பலுக்குள் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் மருத்துவரிடம் போனால் செலவு நேரே உங்கள் அறைக் கணக்கில் ஏறும்.

முதல் ராத்திரி அம்மாவுக்கு வாந்தி. சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடலில் போகும். வான்கூவர் நகரத்திலிருந்து கிளம்புபவை பெரும்பாலும் தீவுக்கும் கரைக்கும் நடுவே, அலையில்லாத தண்ணீரில் போகும். கடல் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால் வான்கூவர் வழியை யோசியுங்கள். சியாட்டில்தான் என்றால் கப்பலின் நடுவில், கீழ்த்தளங்களில் அறை எடுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. நாங்கள் பால்கனி ஆசையில் ஒன்பதாம் தளத்தில், முன்பக்கத்தில் எடுத்திருந்தோம். குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன்னால் போட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பெரிய பலனில்லை. வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவை மறுநாள் காலை தேற்றியது ஒரு பச்சை ஆப்பிளும் சுக்குத்தண்ணியும். மத்தியானத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்து, "இந்த ஊர்ல காப்பி கிடைக்குமா கண்ணு?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாப்பாட்டைப் பற்றி ரொம்பப் பயந்தோம், தேவையே இருக்கவில்லை. அம்மா அப்பா இருவரும் சைவம். முதல் ராத்திரியே சாப்பாட்டுக்கூடத்துத் தலைமைப் பரிமாறுபவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். கப்பல் சமையலறைகளில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். முந்தின நாளே சொன்னால் மறுநாள் ராத்திரிக்குப் பருப்பு, சப்பாத்தி, ஒரு காய் என்று தனியாகச் செய்து தருவார்கள். எங்களுக்குப் பரிமாறியவர் கோவாக்காரர்; அம்மாவுக்குத் தினமும் ஒரு பச்சை மிளகாயைத் தட்டின் ஓரத்தில் வைத்துக் கொண்டுவந்தார். காலையில் பஃபேயில் இனிப்பில்லாத தயிர் இருக்கும். இரண்டு கிண்ணம் எடுத்து அறையின் சின்ன ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், மத்தியானம் வெறும் சோறு வாங்கிப் பிசைந்து, கொண்டுபோன ஊறுகாயோடு தயிர்சாதம் ஆயிற்று. மின்கெட்டில், ரைஸ் குக்கர் மாதிரி சூடாகும் சாமான்களைக் கப்பலில் அனுமதிக்க மாட்டார்கள், வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதிலாக ஒரு நல்ல ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள். பஃபேயில் கொதிக்கிற வெந்நீர் எந்நேரமும் உண்டு, உடனடி உப்புமாவுக்கு அது போதும். பழம், சமைத்த சாப்பாடு எதையும் கரைக்கு எடுத்துப்போகாதீர்கள். விக்டோரியாவிலும் சியாட்டிலிலும் சோதனை உண்டு.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகர். ஆனால் வெளியிலிருந்து அங்கே சாலை கிடையாது. விமானம், இல்லாவிட்டால் படகு. இங்கே செலவு செய்யுங்கள் என்று நான் சொல்லும் ஒரே இடம் திமிங்கலப் படகு. ஆளுக்கு 150 டாலருக்கு மேல் ஆகும், ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். கப்பலிலிருந்தே திமிங்கலம் தெரியும், எதுக்குத் தனிச் செலவு என்று கணவர் கேட்டார். கப்பலிலிருந்து தெரிவது தூரத்தில் ஒரு பீய்ச்சல், அவ்வளவுதான்.

படகு ஆக் பே என்ற இடத்திலிருந்து கிளம்பியது. அரை மணி நேரத்தில் மாலுமி எஞ்சினை நிறுத்திவிட்டார். ஹம்ப்பேக் திமிங்கலத்தை 100 கெஜத்துக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதற்கு மேல் திமிங்கலமாக வந்தால்தான் உண்டு. எஞ்சின் நின்ற பிறகு மழைத் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று லாரி டயரிலிருந்து காற்றைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு பெருமூச்சு. கறுத்த முதுகு ஒன்று தண்ணீருக்கு மேலே வந்து, நிதானமாக, முடிவில்லாமல் நழுவிக்கொண்டே போனது. கடைசியில் வால் எழுந்து நின்றது, அதிலிருந்து தண்ணீர் திரைபோல வடிந்தது, உள்ளே போனது. காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் அழுகிய மீன் வாடை. அது திமிங்கலத்தின் மூச்சு என்றார் வழிகாட்டி. வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி. குளிர்காலத்தில் இவை ஹவாய் வரை நீந்திப்போய்க் குட்டி போடும், அங்கே சாப்பாடு அநேகமாகக் கிடையாது. அத்தனையும் இந்தக் கோடையில் இங்கே தின்று சேர்த்ததுதான். "அம்மிச்சி, அது நம்மளப் பாத்துச்சு" என்று பையன் சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மா பதில் சொல்லவில்லை, அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

படகை முடித்துவிட்டு மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் போனோம். ஊரிலிருந்து 12 மைல். பார்வை முனை வரைக்கும் சமதளப் பாதை, சக்கர நாற்காலியே போகும். நக்கட் அருவி வரை போய்வர இரண்டு மைல், நடக்கத் தெம்புள்ளவர்கள் விடாதீர்கள். எந்தச் சுற்றுலாவையும் கப்பல் மூலமாக எடுத்தால் தாமதமானாலும் கப்பல் நிற்கும், விலை கூட. வெளியே எடுத்தால் மலிவு, நேரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஜூனோவில் எங்கள் கப்பல் ராத்திரி பத்து மணி வரை நின்றதால் வெளியே எடுத்தோம். கேட்சிகன் என்ற இன்னொரு ஊரில் கப்பல் பகல் ஒன்றரைக்குக் கிளம்புகிறது என்றால் அந்தத் தைரியம் வேண்டாம். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி சில இடங்களில் தானாக மாற்றிக்கொள்ளும், சில இடங்களில் மாற்றாது. கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி அதைக் கப்பல் நேரத்தில் வைத்துவிடுங்கள். கடலில் கைபேசியை விமான நிலையில் போட மறக்காதீர்கள், கப்பலின் செல் கோபுரத்தில் அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் கட்டணம் எகிறும்.

அடுத்து ஸ்காக்வே என்ற ஊரில் மலை ரயில். 1898-இல் தங்க வேட்டைக் காலத்தில் தொடங்கி 1900-இல் முடித்த பாதை, 20 மைலுக்குள் 2,865 அடி ஏறுகிறது. எங்கள் அப்பாவுக்கு மேட்டுப்பாளையம் ரயில் அத்துப்படி. பெட்டியில் ஏறுமுன் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊட்டி ரயிலவிடக் குறுகல் அம்மிணி" என்றார். உண்மைதான், இது மூன்றடிப் பாதை, அது மீட்டர் பாதை. ஊட்டி ரயில் குன்னூரைத் தொட்டதும் 1899, ஏறக்குறைய அதே காலம். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். தங்கம் தேடிப் போனவர்கள் ஆளுக்கு ஒரு வருஷத்துச் சாமானோடு, ஏறக்குறைய ஒரு டன் சுமையோடு வந்தால்தான் கனடாப் போலீஸ் எல்லையைத் தாண்ட விட்டதாம். அந்தச் சுமையை இழுத்த குதிரைகள் சுமார் மூவாயிரம் இந்த வழியில் செத்தன. அந்தக் குதிரைகளைப் பற்றி வழிகாட்டி சொன்ன பிறகு அப்பா வெகுநேரம் பேசவில்லை. எங்கள் தோட்டத்தில் எப்போதும் மாடு இருந்தது.

க்ளேசியர் பே அன்று காலை ஆறு மணிக்கே எழுந்துவிட்டோம். பூங்கா ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து, ஓடும் கப்பலில் நூலேணியில் ஏறினார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அவர்களிடம் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள். பையன் அதை முடித்துப் பேட்ஜ் வாங்கினான், இன்னும் பள்ளிப் பையில் குத்தியிருக்கிறான். 1794-இல் ஆங்கிலேயர் கப்பல் இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடாவின் வாயிலேயே பனிச்சுவர் நின்றது, உள்ளே போக வழியில்லை. இன்று அதே இடத்திலிருந்து 65 மைல் உள்ளே கப்பல் போகிறது. அதற்கும் முன்னால் இது பள்ளத்தாக்காக இருந்தது. ஹூனா ட்லிங்கிட் என்ற பூர்வகுடி மக்கள் அங்கே குடியிருந்தார்கள். 1700-களில் பனியாறு முன்னேறி வந்து ஊரை விட்டே அவர்களைத் துரத்தியது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பனியைப் பாருங்கள், வெறும் காட்சியாக இருக்காது.

உடை விஷயம். ஊர்களில் 10 முதல் 15 டிகிரி இருக்கும், பனியாற்றின் முன்னால் அதைவிடக் கீழே, காற்று வேறு. ஒரே கனமான கோட்டைவிட அடுக்கடுக்காக உடுத்துவது நல்லது: உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், மேலே தலைமூடி வைத்த மழை ஜாக்கெட். குடை அந்தக் காற்றில் நிற்காது. அம்மா சேலைதான் கட்டுவேன் என்று நின்றார். உள்ளே தெர்மல் பேண்ட், கம்பளிக் காலுறை, ஷூ, மேலே ஜாக்கெட் என்று போட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிவிட்டோம், சௌகரியமாகவே இருந்தார். ஆளுக்கொரு பைனாகுலர் வேண்டும் என்று சிநேகிதி சொன்னபோது வீண் செலவு என்று இரண்டு மட்டும் வாங்கினேன். அவள் சொன்னதே சரி.

பத்து மணிக்கு மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் 250 அடி. பக்கத்தில் கிராண்ட் பசிபிக் என்று இன்னொன்று. கல்லும் மண்ணும் மூடிக் கறுப்பாக இருப்பதால் மலை என்றே நினைத்துவிட்டோம். மார்ஜரி நீலம். சொட்டு நீலம் கரைத்த வாளித் தண்ணீர் மாதிரி, வெடிப்புகளுக்குள் போகப் போக அடர்ந்துகொண்டே போகிற நீலம். பல வருஷப் பனி அமுங்கி அமுங்கிக் காற்றெல்லாம் வெளியேறி இறுகிய பிறகு, வெளிச்சத்தில் சிவப்பை விழுங்கி நீலத்தை மட்டும் விடுகிறது. எல்லோரும் ஒரே பக்கத்தில் முண்டியடிக்கத் தேவையில்லை. கப்பல் மெதுவாகத் திரும்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டும்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பலர் காப்பி குடிக்க உள்ளே போய்விட்டார்கள். அம்மா அப்பா அறையின் பால்கனியில் நாங்கள் ஐந்து பேரும் ஒட்டி நின்றோம். தண்ணீரில் மிதந்த பனித்துண்டுகள் சோடா திறந்த மாதிரி சொரசொரவென்று பொரிந்துகொண்டிருந்தன. உள்ளே அடைபட்ட பழைய காற்று வெளியேறும் சத்தம். "ஏனுங்க, அங்க பாருங்க" என்று அம்மா கை நீட்டினார். ஒரு வீட்டளவு பனி முகப்பிலிருந்து சாய்ந்தது. சத்தமே இல்லை. விழுந்து, தண்ணீர் வெள்ளையாக எழும்பி அடங்கத் தொடங்கிய பிறகுதான் இடி வந்தது, நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. ட்லிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்பார்களாம். சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்து முடிந்திருக்கும். அதனால் காதை நம்பாமல் கண்ணை முகப்பிலேயே வைத்திருங்கள், கைபேசியை உள்ளே வையுங்கள். நான் படம் எடுக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. "எத்தன வருசத்துத் தண்ணி" என்றார் அப்பா. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டும் ஈரம் காணாத தோட்டக்காரர் அவர். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

பால்கனி அறைக்கு அன்று ஒரு நாளே பணம் ஈடானது. அம்மா குளிர் தாங்காதபோது உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தார். நாங்கள் மூவரும் எதிரில் ஜன்னல் இல்லாத மலிவு அறையில்தான் இருந்தோம், தூங்குவதற்கு மட்டும். பெரியவர்களுக்குப் பால்கனி, மற்றவர்களுக்கு உள்ளறை, மிச்சப் பணம் திமிங்கலப் படகுக்கு. இப்போது போனாலும் அப்படித்தான் செய்வேன்.

கேட்சிகனில் வருஷத்துக்கு 150 அங்குலம் மழை. இறங்கும்போதே கொட்டியது. காசு கொடுத்து எதுவும் பார்க்கவில்லை. மரக்கால்களின் மேல் வீடுகள் நிற்கும் க்ரீக் ஸ்ட்ரீட்டுக்கு நடந்துபோய்ப் பாலத்திலிருந்து கீழே பார்த்தோம். ஓடை கறுப்பாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அது மீன். ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்து, நீரோட்டத்தில் நின்ற இடத்தில் நீந்திக்கொண்டிருந்தன. நல்ல தண்ணீருக்குள் நுழைந்ததுமே சால்மன் சாப்பிடுவதை நிறுத்திவிடும். பிறந்த இடத்துக்கு ஏறி முட்டையிட்டுச் செத்துப்போகும். பாறைமேல் துள்ளி விழுந்து, அடித்துக்கொண்டு போய், மறுபடி துள்ளிய ஒரு மீனைப் பையன் இருபது நிமிஷம் பார்த்தான். ஏழாவது தடவை அது தாண்டியதும் பாலத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

விக்டோரியாவில் இருட்டிய பிறகு இறங்கி நாடாளுமன்றக் கட்டடத்தின் விளக்குகளைப் பார்த்துத் திரும்பினோம், அதற்குத்தான் நேரம் இருந்தது. பணியாளர் அன்பளிப்பு என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாக ஏறும், அதையும் வரிகளையும் சுற்றுலாக்களையும் சேர்த்தால் விளம்பரத்தில் பார்த்த விலை இரட்டிப்பாகும் என்று முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். கடைசி ராத்திரி பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். இந்தத் தடவை மாத்திரைகளையும் மறுநாள் உடுப்பையும் முதல் வேலையாக எடுத்து வைத்தேன். காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தாலும் சுங்கம், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்பதரை ஆயிற்று. மதியத்துக்கு முன்னால் விமானம் போடாதீர்கள். நாங்கள் இரண்டு மணிக்குப் போட்டிருந்தோம். விமான நிலையத்தில் அம்மா, எனக்குத் தெரியாமல் பையில் வைத்திருந்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பையனிடம் கொடுத்தார். கோவாக்காரர் கடைசி நாள் கொடுத்தனுப்பிய இரண்டு சப்பாத்தி, நடுவில் ஒரு பச்சை மிளகாய்.